தங்கை மேடையில் இருக்கும்போது நாங்கள் எங்கே உட்காருவது?

வாசகர் கேள்வி:

என் தங்கைக்கு வயது 19. வேலூர் சத்துவாச்சாரியில் எட்டு ஆண்டுகளாகப் பளுதூக்கும் பயிற்சி எடுத்து வருகிறாள். வெளிநாட்டில் நடக்கவிருக்கும் ஜூனியர் சர்வதேசப் போட்டிக்கு 58 கிலோ எடைப் பிரிவில் முதன்முறையாக இந்திய அணியில் இடம் கிடைத்திருக்கிறது. அம்மாவும் நானும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று நகைக்கடன் வாங்கி டிக்கெட் எடுத்துவிட்டோம். பயிற்சி முகாமில் இருக்கும் அவளிடம் போனில் சொன்னதும், "யாரும் வர வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அன்றிலிருந்து அம்மா அழுதுகொண்டே இருக்கிறார். அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று லேகியமும் சத்துமாவும் கட்டி வைத்திருக்கிறார். எங்கள் மாமா தெருமுனையில் ஃபிளெக்ஸ் வைக்க ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார். நாங்கள் போகலாமா? போனால் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? சரியாகத் தூக்க முடியாமல் போய்விட்டால் அவளிடம் என்ன சொல்வது?

– பெயர் வெளியிட விரும்பாத அண்ணன், வேலூர் மாவட்டம்

விளையாட்டு உளவியல் ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற இரண்டும் அதைப் பொறுத்தே இருக்கின்றன. உங்கள் தங்கையிடம் இன்னும் ஒரே ஒரு முறை கேளுங்கள். அப்போதும் அவர் வேண்டாம் என்றால் போகாதீர்கள். டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தில் திரும்பி வருவது வரட்டும், மற்றது போகட்டும். கடன் வாங்கி எடுத்த டிக்கெட் என்பது உங்களுக்கு வருத்தம் தரும் விஷயம்தான், ஆனால் அவர் மனம் மாறுவதற்கு அது ஒரு காரணமாக ஆகக் கூடாது.

இரண்டாம் முறை கேட்பதில் ஒரு முறை இருக்கிறது. முதல் முறை நீங்கள் "வருகிறோம்" என்று மட்டும் சொல்லியிருப்பீர்கள். அதைக் கேட்ட மறுகணமே அந்தப் பெண் மனத்தில் என்னென்ன ஓடியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்: அம்மா முதன்முறையாக விமானம் ஏறப் போகிறார், அங்கே அவருக்குச் சோறு கிடைக்குமா, எங்கே தங்குவார்கள், போட்டிக்கு முந்தைய நாள் அணி தங்கியிருக்கும் ஹோட்டலுக்கு வந்து நிற்பார்களா, பயிற்சியாளர் ஏதாவது சொல்வாரா, இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது. எட்டு ஆண்டு உழைப்பை மேடையில் கிடைக்கும் ஆறு முயற்சிகளுக்குள் காட்டியாக வேண்டிய நேரத்தில், இத்தனை கணக்குகளையும் சேர்த்துச் சுமக்க முடியாது என்பதைத்தான் அவர் "யாரும் வர வேண்டாம்" என்று மூன்று சொற்களில் சொல்லியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. அதில் உங்கள் மீது வெறுப்பு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

எனவே, அவருக்குப் பயிற்சி இல்லாத ஒரு மாலையில், அம்மா அல்ல, நீங்கள் பேசுங்கள். நாங்கள் தனியாக அறை எடுத்துக்கொள்கிறோம், அணியின் ஹோட்டல் பக்கம் வர மாட்டோம், போட்டி நாளில் உனக்குப் போன் செய்ய மாட்டோம், அரங்கில் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருப்போம், எல்லாம் முடிந்து நீயாக வந்தால் பார்ப்போம் என்று ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டு, இரண்டு நாள் கழித்துப் பதில் சொன்னால் போதும் என்று வைத்துவிடுங்கள். நகைக்கடன் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். என் அனுபவத்தில், வர வேண்டாம் என்று சொன்ன பிள்ளைகளில் பலர், இப்படித் தெளிவாகக் கேட்டபின் சம்மதித்திருக்கிறார்கள். சம்மதிக்காதவர்களும் உண்டு. அவர்கள் வீட்டார் ஊரில் இருந்தபடியே நேரலையில் பார்த்தார்கள், யாருக்கும் எந்தக் குறையும் வந்துவிடவில்லை.

அவர் வரச் சொன்னார் என்றே வைத்துக்கொண்டு மேற்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் அம்மா கட்டி வைத்திருக்கும் மூட்டையைப் பற்றிப் பேச வேண்டும். உங்கள் கடிதத்தில் என்னை உண்மையிலேயே கவலைப்பட வைத்த வரி அதுதான். பளுதூக்குதலில் ஊக்கமருந்துச் சோதனை மிகக் கடுமையானது. உடலுக்குள் தடைசெய்யப்பட்ட பொருள் இருப்பது தெரிந்தால், அது எப்படி உள்ளே போனது, யார் கொடுத்தார்கள், தெரிந்து சாப்பிட்டாரா தெரியாமல் சாப்பிட்டாரா என்பதெல்லாம் அதற்குப் பிறகான விசாரணை. பொறுப்பு முதலில் வீராங்கனையுடையது, தடையோ நான்கு ஆண்டுகள் வரை போகலாம். அம்மா அன்போடு கொடுத்தது என்பது அந்த விசாரணையில் செல்லாது. வீட்டில் வறுத்து அரைத்த சத்துமாவில் என்ன சேர்ந்திருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியும். லேகியத்தில் என்ன சேர்ந்திருக்கிறது என்று அதை விற்ற கடைக்காரருக்கே முழுதாகத் தெரிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. எடை கூட்டும் பவுடர், பலம் தரும் சூரணம் என்று லேபிள் இல்லாமல் விற்பவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது புதிய செய்தி அல்ல. ஆகவே லேகியம் வீட்டிலேயே இருக்கட்டும். சத்துமாவும் போட்டிக்கு முன்பு வேண்டாம்.

மருந்துகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. இருமலுக்கும் மூக்கடைப்புக்கும் நாம் சாதாரணமாக வாங்கும் சில மருந்துகளில் உள்ள எஃபெட்ரின், சூடோஎஃபெட்ரின் போன்றவை, போட்டி நாளில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் உடலில் இருந்தால் குற்றம். ரத்த அழுத்தத்துக்காகப் பெரியவர்கள் சாப்பிடும் மாத்திரைகளில் சில, சிறுநீரை அதிகம் போக்கக்கூடியவை. அவை எல்லா நாளும் தடைசெய்யப்பட்டவை. எடை கொஞ்சம் கூடிவிட்டது என்று பிள்ளை சொல்ல, தன் மாத்திரையில் பாதியைக் கொடுத்த ஒரு பாட்டியை எனக்குத் தெரியும். நல்லவேளையாக அந்தப் பிள்ளைக்கு அதை விழுங்காமல் துப்பும் அறிவு இருந்தது. கோயிலுக்குப் போகும்போது மாதவிலக்கைத் தள்ளிப்போட நம் வீடுகளில் கொடுக்கும் மாத்திரையைப் பற்றியும் அம்மாவிடம் சொல்லிவையுங்கள். அது தடைப்பட்டியலில் இல்லை. ஆனாலும் அதில் உள்ள நோரெத்திஸ்டிரோன் உடலில் சிதையும்போது, சோதனையில் கேள்வி எழுப்பக்கூடிய ஒரு பொருள் சிறிதளவு சிறுநீரில் வரும். ஆகவே அணி மருத்துவருக்குத் தெரியாமல் எந்த மாத்திரையும், எந்தக் கஷாயமும், எந்த ஊசியும் கூடாது. இதை அம்மா ஏற்றுக்கொண்டால், உங்கள் தங்கைக்கு அவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவியைச் செய்துவிட்டார் என்றே சொல்வேன்.

சரியாகச் சாப்பிடுவதில்லை என்ற கவலைக்கும் ஒரு விளக்கம் இருக்கிறது. போட்டி தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாக எடை பார்க்கத் தொடங்கி, ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள். 58 கிலோ பிரிவு என்றால் 58க்கு மேல் சில கிராம் கூடினாலும் ஏற்க மாட்டார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குள் எடையைக் குறைத்துக்கொண்டு திரும்பி வரலாம், குறையவில்லை என்றால் போட்டியிலேயே கலந்துகொள்ள முடியாது. ஒரு டம்ளர் மோர் குடித்தால் தராசில் 200 கிராம் ஏறும். இதை மனத்தில் வைத்துப் பார்த்தால், கடைசி வாரத்தில் உங்கள் தங்கை தட்டில் அளந்து அளந்து போட்டுக்கொள்வது ஏன் என்று புரியும். அந்த வாரத்தில் "இளைத்துவிட்டாயே" என்று வீடியோ அழைப்பில் சொல்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். எடை பார்த்து முடித்ததும், மேடைக்குப் போகும் முன், எளிதில் செரிக்கக்கூடிய சோறு, வாழைப்பழம், தேன் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வைப்பது பயிற்சியாளரின் வேலை. அந்த இடத்துக்கு அடையாள அட்டை இல்லாதவர்களை விட மாட்டார்கள், எனவே தூக்குச்சட்டியோடு வாசலில் காத்திருப்பதில் பயனில்லை.

இனி அரங்கில் நடப்பதைப் பார்ப்போம். உங்கள் வீட்டில் வேறு யாரும் பளுதூக்கியதில்லை என்று நினைக்கிறேன். உங்கள் ஊரிலிருந்தே போய் 2014இல் கிளாஸ்கோவிலும் 2018இல் கோல்ட் கோஸ்ட்டிலும் காமன்வெல்த் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கத்துக்கு, தந்தையே பளுதூக்கும் வீரராக இருந்தவர் என்ற பேறு வாய்த்தது. அப்படிப்பட்ட தந்தைக்குப் பார்வையாளர் வரிசையிலிருந்து பார்த்தாலே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். மற்ற வீடுகளில் அது தெரியாததால்தான் பதற்றம் வருகிறது, அந்தப் பதற்றம் எப்படியோ மேடைக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆகவே சில விஷயங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஸ்னாட்ச், அதாவது கம்பியைத் தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது. ஏறக்குறையப் பத்து நிமிட இடைவேளை. பிறகு கிளீன் அண்ட் ஜெர்க், அதாவது முதலில் தோளுக்கும் அங்கிருந்து தலைக்கு மேலும் தூக்குவது. இரண்டிலும் மும்மூன்று முயற்சிகள். கம்பியில் ஏற்றும் எடை கூடிக்கொண்டே போகும், ஒருபோதும் இறங்காது. யார் குறைந்த எடை கேட்டாரோ அவர் முதலில் வருவார். பெயரைக் கூப்பிட்டதும் ஒரு நிமிடம் ஓடத் தொடங்கும், அவரே அடுத்தடுத்து வர நேர்ந்தால் இரண்டு நிமிடம். திரையில் உங்கள் தங்கையின் பெயருக்கு நேரே உள்ள எண் திடீரென்று மாறும், ஒரு கிலோ கூடும், வரிசையில் அவர் கீழே போவார். பயந்துவிடாதீர்கள். உள்ளே அவருக்கு மூச்சு வாங்க நேரம் தேடியோ, எதிராளியை முன்னே அனுப்பவோ, பயிற்சியாளர் மேசையில் கையெழுத்துப் போட்டு எண்ணை மாற்றியிருப்பார். முதல் முயற்சியில் தோற்றால் அதே எடையையோ அதற்கு மேலோதான் கேட்க முடியும். ஆகவே முதல் எடை உங்களுக்குக் குறைவாகத் தோன்றினால், அது பயிற்சியாளரின் பயம் என்று நினைக்க வேண்டாம், அது அவருடைய நிதானம்.

எடையைத் தேர்ந்தெடுத்தது சரியா தவறா என்ற பேச்சு வீட்டாருக்கு வேண்டவே வேண்டாம். 2000ஆம் ஆண்டு சிட்னியில் கர்ணம் மல்லேஸ்வரி 69 கிலோ பிரிவில் ஸ்னாட்ச்சில் 110, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 130 என்று மொத்தம் 240 கிலோவில் நின்றபோது, கடைசி முயற்சிக்கு 137.5 கேட்டார். தூக்கியிருந்தால் தங்கம், முடியாமல் வெண்கலம் கிடைத்தது. ஒலிம்பிக்கில் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவர். அவ்வளவு ஏன் கேட்டார் என்று இன்றும் டீக்கடையில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பேசட்டும். உங்கள் தங்கை ஊருக்குத் திரும்பும்போது அந்தப் பேச்சு சாப்பாட்டு மேசையில் இருக்கக் கூடாது.

எப்போது சத்தம் போடலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நான் சொல்லியாக வேண்டும். அவர் மேடை ஏறும்போது கைதட்டுங்கள், பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். கை வழுக்காமலிருக்க வெள்ளைப் பொடியில் கை தேய்த்து, கம்பியருகே வந்து, குனிந்து பிடித்ததும் நிறுத்திவிடுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு போட்டியில் எனக்கு முன் வரிசையில் ஒரு தந்தை உட்கார்ந்திருந்தார். பையன் ஜெர்க் செய்து கம்பியைத் தலைக்கு மேல் நிறுத்தினான், முன்னும் பின்னுமாக இருந்த கால்களை ஒரு வரிசைக்குக் கொண்டுவந்தான், முழங்கைகள் பூட்டிக்கொண்டன. இறக்கலாம் என்று நடுவர்களின் சைகை வரும்வரை அப்படியே அசையாமல் நிற்க வேண்டும். அதற்கு முன்னாலேயே தந்தை எழுந்து, "ஆச்சுடா!" என்று கத்தினார். பையன் கம்பியை விட்டுவிட்டான். சிவப்பு விளக்குகள் எரிந்தன. தந்தையின் குரலைக் கேட்டுத்தான் விட்டான் என்று என்னால் நிரூபிக்க முடியாது, அவன் களைத்தும் போயிருந்தான். ஆனால் கம்பி தரையில் விழுந்த அடுத்த நொடி அவன் பார்த்தது நடுவர்களை அல்ல, எங்கள் வரிசையை. மூன்று நடுவர்களில் இருவராவது வெள்ளை விளக்குக் காட்டும்வரை நீங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருங்கள். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுப்பதும் கூடாது. நுணுக்கம் சொல்லிக் கத்துவது, அதாவது "முழங்கை", "இடுப்பு" என்றெல்லாம் அவருக்குத் தெரிந்ததையே அவருக்குச் சொல்வது, அறவே கூடாது. மேடையில் அவர் கேட்க வேண்டிய குரல் ஒன்றே ஒன்று, அது பயிற்சியாளருடையது.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். இரண்டு வகையில் ஏதாவது ஒன்றில் மூன்று முயற்சியிலும் தோற்றால் மொத்த எடை என்பதே இல்லாமல் போய்விடும், தரவரிசையில் பெயர் இருக்காது. இது யாருக்கும் நேரக்கூடியது. 2016இல் ரியோவில் மீராபாய் சானு கிளீன் அண்ட் ஜெர்க்கில் மூன்று முயற்சியிலும் தூக்க முடியாமல் வெளியேறினார். மறு ஆண்டே உலகச் சாம்பியன் ஆனார். 2021இல் டோக்கியோவில் 49 கிலோ பிரிவில் ஸ்னாட்ச்சில் 87, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 115, மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்றபோது, அவர் காதில் ஒலிம்பிக் வளையங்களின் வடிவில் தோடுகள் இருந்தன. தம்மிடம் இருந்த பொன்னையும் சேமிப்பையும் கொண்டு அவருடைய தாயார் ரியோ போட்டிக்கு முன்பே செய்து கொடுத்தவை அவை. இதை நான் ராசிக்காகச் சொல்லவில்லை. ரியோவில் அப்படி நடந்த பிறகும் அந்தத் தோடுகள் மகளிடமே இருந்தன, ஐந்து ஆண்டு கழித்து அவர் அவற்றைப் போட்டுக்கொண்டு மேடை ஏறினார் என்பதுதான் என்னைக் கவர்ந்த விஷயம். பிறகு 2024இல் பாரிஸில் அதே மீராபாய் 199 கிலோ தூக்கி, ஒரே ஒரு கிலோவில் வெண்கலத்தைத் தவறவிட்டு நான்காம் இடத்தில் நின்றார். இந்த விளையாட்டு அப்படிப்பட்டது.

எனவே தோற்றால் என்ன சொல்வது என்ற கேள்விக்கு என் பதில்: போட்டியைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள். "பரவாயில்லை" என்பதும் வேண்டாம், ஏனென்றால் அவருக்குப் பரவாயில்லாமல் இருக்காது. "அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்" என்பது அன்றைய தினத்திலேயே அவர் மீது இன்னொரு கம்பியை ஏற்றுவது. "பசிக்கிறதா?" என்று கேளுங்கள். அழுதால் அழட்டும், அம்மா தோளில் சாய்ந்தால் சாயட்டும். அவராகப் பேசத் தொடங்கும்போது குறுக்கே பேசாமல் கேளுங்கள். ஜெயித்தாலும் ஏறக்குறைய இதேதான் என்று சொன்னால் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். பதக்கத்தோடு வந்த பிள்ளையிடம் முதல் கேள்வியாக "கடைசி முயற்சி ஏன் போச்சு?" என்று கேட்ட அண்ணன்களை நான் பார்த்திருக்கிறேன்.

போட்டி முடிந்ததும் அவர் உடனே உங்களிடம் வந்துவிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். ஊக்கமருந்துச் சோதனைக்கு அழைத்தால், அந்த நிமிடத்திலிருந்து ஓர் அலுவலர் அவர் கூடவே இருப்பார். குறைந்தது 90 மில்லி சிறுநீர் கொடுத்தாக வேண்டும். எடைக்காகத் தண்ணீரைக் குறைத்திருந்த உடலுக்கு அது சில நேரம் இரண்டு, மூன்று மணி நேரம்கூட எடுக்கும். அந்த நேரத்தில் பாசத்தோடு உங்கள் தண்ணீர் பாட்டிலை நீட்டாதீர்கள். மூடி திறக்காத பாட்டில்கள் உள்ளே இருக்கும், அதிலிருந்து குடிப்பதுதான் அவருக்குப் பாதுகாப்பு. எத்தனை மணிக்கு வெளியே வருவார் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால், அன்று இரவே திரும்பும் விமானத்தில் டிக்கெட் எடுத்திருந்தால் மறுநாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அணியிலிருந்து வெளியே வர அனுமதி கிடைத்தபிறகு, அம்மா செய்த முறுக்கையும் பொடி தடவிய இட்லியையும் தாராளமாகக் கொடுக்கலாம். எட்டு ஆண்டுகளில் அவர் கணக்குப் பார்க்காமல் சாப்பிடும் சில வேளைகளில் அது ஒன்றாக இருக்கும்.

கடைசியாக உங்கள் மாமா. அவருடைய மகிழ்ச்சி எனக்குப் புரிகிறது, தெருவுக்கே பெருமைதான். ஆனால் படத்தோடு ஃபிளெக்ஸ் வைத்தால் அரை மணி நேரத்தில் அது வாட்ஸ்அப்பில் முகாமுக்குப் போய்ச் சேரும், "தங்க மங்கையே வருக" என்று தன் பெயருக்கு மேல் அச்சிட்டதைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் தூங்கப் போக வேண்டியிருக்கும். அவர் சம்மதித்தால், போட்டி முடிந்தபின், "ஆசியாவோ உலகமோ, இந்திய அணியில் ஆடிய எங்கள் பெண்" என்ற அளவில், பதக்கம் வந்தாலும் வராவிட்டாலும் பொருந்தக்கூடிய வாசகத்தோடு வைத்துக்கொள்ளலாம் என்று இன்றைக்கே அவரிடம் பேசிவிடுங்கள். ஃபிளெக்ஸ் கடையில் ஒரு மணி நேரத்தில் அடித்துக் கொடுத்துவிடுவார்கள், காட்பாடியில் ரயில் இறங்குவதற்குள் கட்டி முடித்துவிடலாம்.